கெரென்ஸ்கியும் எபெர்ட்டும்: இரண்டு இடைக்கால அரசுகள்

முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1917 மார்ச்சில் ஜார் முடி துறந்ததும் ரஷ்யத் தலைநகர் பெத்ரோகிராதில் அமைந்த இடைக்கால அரசு எட்டே மாதம்தான் தாங்கியது. 1918 நவம்பரில் ஜெர்மன் பேரரசர் கைசர் போனதும் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் எபெர்ட் தலைமையில் பெர்லினில் அமைந்ததும் இடைக்கால அரசுதான். அது எப்படியோ தேர்தல்வரை போய்ச் சேர்ந்தது.

ரஷ்யாவில் அரசு அமையுமுன்பே சிக்கல் தொடங்கிவிட்டது. தொழிலாளர், சிப்பாய்களின் மன்றமான பெத்ரோகிராத் சோவியத் வெளியிட்ட 'ஆணை எண் 1', அதிகாரிகள் சிப்பாயை 'நீ' என்று ஒருமையில் பேசக் கூடாது என்றது. சோவியத்தின் முடிவுக்கு முரணாக டூமா என்ற நாடாளுமன்றத்தின் ராணுவக் குழு இடும் உத்தரவுக்குப் பணிய வேண்டாம் என்றும் சொன்னது. அப்புறம் துப்பாக்கி யார் பேச்சைக் கேட்கும்? இந்த லட்சணத்தில் இடைக்கால அரசின் போர் அமைச்சர் கெரென்ஸ்கி ஜூலையில் ஆஸ்திரியாவின் கலீசியாவில் புதுத் தாக்குதல் தொடங்கினார். சில வாரங்களில் படை சிதறியது. 'நிலம் எப்போது?' என்ற விவசாயிக்கு, 'அரசியல் நிர்ணய சபை கூடட்டும்' என்பதே பதில். அந்தத் தேர்தலும் தள்ளித் தள்ளிப்போய், லெனினின் போல்ஷெவிக்குகள் ஆட்சியைப் பிடித்த பிறகே நடந்தது.

எபெர்ட் அரசு நவம்பர் 10 அன்று அமைந்தது, மறுநாளே போர்நிறுத்தம். சரி, தோற்ற நாட்டுக்கு வேறு வழியும் இல்லை. கெரென்ஸ்கிக்கோ நேச நாடுகளின் நெருக்கடி இருந்தது. ஆனால் 1919 ஜனவரி 19 அன்றே தேர்தல் வைத்தது எபெர்ட் அரசின் கெட்டிக்காரத்தனம் என்பேன். பெண்களும் வாக்களித்தார்கள். அதற்குச் சில நாள் முன்புதான் இடதுசாரிகளின் பெர்லின் எழுச்சியைக் கூலிப்படைகளை வைத்து நசுக்கியிருந்தார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டார். 1920 தேர்தலில் எபெர்ட் கட்சியின் வாக்கு ஏறக்குறைய 38 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்குச் சரிந்தது.