இணைய ஏலத்தில் பியட்டை விற்றேன், கான்டெஸாவை வாங்கினேன்

கை படாத, அதாவது மறு பெயிண்டோ நசுங்கலை நிரப்பும் பட்டியோ படாமல் அசலாகவே இருக்கும், பழைய கார்களை மட்டுமே ஏலத்துக்கு எடுப்பதாகச் சொல்லும் ஓர் இணையச் சேவையில், கடந்த ஓராண்டுக்குள் ஒரு வண்டியை விற்றும் மற்றொன்றை வாங்கியும் முடித்திருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற முறையில் மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விற்பவராகப் போனால் ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்; வாங்குபவராகப் போனால் இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. என் மனக்குறை இன்னும் முழுதாகத் தீராததால் சேவையின் பெயரை எழுதவில்லை. இதே முறையில் ஏலம் நடத்தும் எவரிடம் போனாலும் கீழே உள்ளவை பெரும்பாலும் பொருந்தும்.

விற்றது என் தந்தையாரின் 1978ஆம் ஆண்டு பிரீமியர் பத்மினி. அது பியட் காரின் இந்திய வடிவம் என்பதால், எங்கள் வீட்டில் யாரும் அதைப் பத்மினி என்று அழைத்ததில்லை. கடைசிவரை அது பியட்தான். சேலம் கன்னங்குறிச்சி வீட்டுக் கொட்டகையில் பதினோரு ஆண்டுகள் நின்ற அந்த வண்டிக்கு, ஐந்து ரோடு பக்கம் ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கும் ஒருவர் அறுபதாயிரம் விலை சொன்னார். "பட்டி பார்த்து ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிடுங்க சார், ஒன்றரைக்கு நானே தள்ளி விடறேன்" என்று யோசனையும் சொன்னார். ஏலச் சேவையின் ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் சொன்னதோ அதற்கு நேர் எதிரானது. தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், பாலிஷ்கூடப் போடக் கூடாது, துருப்பிடித்த இடங்களை மறைக்காமல் கிட்டத்தில் போய்ப் படம் எடுக்க வேண்டும் என்றார்.

மொத்தம் நூற்று முப்பது படங்கள் கேட்டார்கள். ஸ்டியரிங் தண்டிலேயே இருக்கும் ஹேண்ட் கியர், முன்பக்க நீள இருக்கையில் ஓட்டுநர் ஏறி இறங்கி ஏறி இறங்கி விளிம்பு கிழிந்த ரெக்சின், கிளட்ச் பெடலுக்குக் கீழே தரைத் தகட்டில் விழுந்த எட்டணா அளவு ஓட்டை, அதன் மேல் அப்பா தார்ச்சீலையை வெட்டி ஒட்டியிருந்த ஒட்டு ஆகிய அனைத்தும் படமாயின. சேஸிஸ் எண்ணின் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியையும் இணைக்கச் சொன்னார்கள். ஆர்.சி. புத்தகத்தைச் சரிபார்த்த அவர்களுடைய ஆவணப் பிரிவைப் பாராட்டியே ஆக வேண்டும். நாங்கள் யாரும் கவனிக்காத பழைய ஹெச்.பி. பதிவு (வண்டிக் கடனுக்கான குறிப்பு) ஒன்றைச் சுட்டிக்காட்டி, வங்கியில் கடிதம் வாங்கிப் படிவம் 35 கொடுத்து அதை நீக்கிவிட்டு வரச் சொன்னார்கள். உரிமையாளர் காலமாகியிருந்ததால், படிவம் 31 வழியாக வண்டியை என் பெயருக்கு மாற்றிய பிறகே ஏலத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் இரண்டு மாதம் ஆனது. ஆனால் விற்ற பிறகு ஒரு நாள்கூட எனக்குத் தலைவலி இல்லை.

ஏலம் ஏழு நாள் நடந்தது. வாங்க வருபவர்கள் எல்லோரும் பார்க்கும்படியாகக் கேள்வி கேட்பார்கள், விற்பவரும் எல்லோரும் பார்க்கும்படியாகவே பதில் சொல்ல வேண்டும் என்பது விதி. கதவு ரப்பரைச் சற்றே பிரித்து உள்ளே இருக்கும் நிறத்தைக் காட்டச் சொன்னார் ஒருவர்; காட்டினேன், வெளியே இருக்கும் அதே வெளுத்த வெள்ளைதான் உள்ளேயும் இருந்தது, அதாவது மறுபடி பெயிண்ட் அடிக்கப்படவில்லை. அந்த ஒரு படத்துக்குப் பிறகு விலை இருபதாயிரம் ஏறியது என்றால் நம்புவீர்களா? இறுதியில் 1,72,000 ரூபாய்க்குக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் எடுத்தார். அவருடைய கணக்கு வேறு. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சேஸிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளை விண்டேஜ் என்று தனியே பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அப்படிப் பதிவாகும் வண்டியின் எண் பலகையில் மாநிலக் குறியீட்டுக்குப் பின் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எங்கள் பியட்டுக்கு 2028இல் அந்த வயது வந்துவிடும். கன்சல்டிங்காரர் பேச்சைக் கேட்டுப் பட்டி பார்த்திருந்தால், கோயம்புத்தூர்க்காரர் அந்தப் பக்கமே எட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த ஏல முறைக்கு ஊற்றுக்கண் அமெரிக்கா. 1964இல் பான்டியாக் ஜி.டி.ஓ. என்ற நடுத்தர அளவுக் காரில் 389 கன அங்குல வி8 எஞ்சினை ஏற்றியதிலிருந்து பெரிய எஞ்சினோடு வேகமாக ஓடும் மசில் கார்கள் மீதான மோகம் பரவியதாக அங்கே பொதுவாகச் சொல்வார்கள். அந்தக் காலத்து வண்டிகளில், ஆலையில் அடித்த பெயிண்டோடும் பொருத்திய எஞ்சினோடும் அப்படியே தப்பிப் பிழைத்தவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு. 1974இல் 6,000 டாலருக்கு ஒரு குடும்பம் வாங்கி வைத்திருந்த, திரைப்படத்தில் ஓடிய 1968ஆம் ஆண்டு மஸ்டங் ஒன்று, நசுங்கலும் துருவும் அப்படியே இருக்க, 2020 ஜனவரியில் மீகம் நிறுவனத்தின் ஏலத்தில் 34 லட்சம் டாலருக்குப் போனது, கட்டணம் தனி. இணையத்தில் இவ்வகை ஏலத்துக்கு இலக்கணம் வகுத்தவற்றில் முக்கியமானது 2014இல் சொந்த ஏலத்தைத் தொடங்கிய பிரிங் எ டிரெய்லர். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் யாராவது விலை கேட்டால் கடிகாரம் மறுபடி இரண்டு நிமிடத்துக்குப் போய்விடும் என்ற அவர்களுடைய விதியை நம்மூர்ச் சேவையும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. அடியில் பட்டி இருக்கிறதா என்று தெரிய பெயிண்டின் கனத்தை மைக்ரானில் அளந்து காட்டும் வழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. என் கதைக்கு அந்த விடுபடல்தான் முக்கியம்.

அமெரிக்க மசில் காரைச் சேலத்துக்குக் கொண்டுவர என் சம்பளமும் சுங்க வரியும் இடம் கொடுக்காது. நமக்கு வாய்த்தது கான்டெஸா. இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரை அடிப்படையாகக் கொண்டு 1984இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் கொண்டுவந்த இந்தக் காரில் முதலில் அம்பாசடரின் 1.5 லிட்டர் எஞ்சினைத்தான் வைத்தார்கள். அந்த உடம்புக்கு அந்த மூச்சு போதவில்லை. இசுசுவின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் வந்த பிறகே வண்டிக்குப் பெயர் வந்தது. 2002இல் உற்பத்தி நின்றது. நீண்ட பானெட்டையும் அகன்ற முகத்தையும் பார்த்து இதை இந்தியாவின் மசில் கார் என்கிறார்கள். நான்கு சிலிண்டர் வண்டிக்கு அது சற்று அதிகப்படியான பட்டம்தான் என்றாலும், அதில் மயங்கியவர்களில் நானும் ஒருவன்.

மைசூரிலிருந்து 1991 மாடல் வெளிர்மஞ்சள் கான்டெஸா ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஒரே உரிமையாளர், ஆலைப் பெயிண்ட், பட்டி படாத வண்டி என்பது விவரம். தொண்ணூறு படங்கள் இருந்தன. டிக்கியின் தரை மட்டும் ஒன்றிலும் இல்லை. கேட்டேன். மேட் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பிரித்தால் கிழிந்துவிடும் என்று பதில் வந்தது. நூற்று முப்பது படம் எடுத்துக் கொடுத்த எனக்கு அந்தப் பதிலின் பொருள் விளங்கியிருக்க வேண்டும். ஏலத்தின் கடைசி இரவில் கடிகாரம் பதினொரு முறை நீண்டது. "போதுங்க, விட்டுருங்க" என்று என் மனைவி சொன்னபோது விலை மூன்று லட்சம். நான் விட்டபோது, அதாவது எதிராளி விட்டபோது, 3,45,000. ஐந்து சதவீதக் கட்டணம் 17,250 ரூபாய், ஓசூர், தொப்பூர் வழியாக வண்டியை ஏற்றி வந்த கேரியருக்கு 22,000 ரூபாய் என்று கணக்கு 3,84,250இல் வந்து நின்றது.

குகையில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் கைக்குட்டையில் சுற்றிய காந்தக்கட்டி ஒன்றோடு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இடப்பக்கப் பின்சக்கரத்துக்கு மேலே ஒரு சாண் அகலத்துக்குக் காந்தம் பிடிக்காமல் வழுக்கியது; அங்கே பெயிண்டுக்கு அடியில் தடிமனாகப் பட்டி இருக்கிறது என்று பொருள். விரல் மடக்கித் தட்டினால் மற்ற இடங்களில் கணீரென்று கேட்ட சத்தம் அங்கே மொத்தென்று கேட்டது. பிறகு டிக்கி மேட்டின் ஓரத்தில் வெந்நீர் ஊற்றி மெல்ல உரித்தோம். அது கிழியவும் இல்லை. அடியில் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, அதன் மேல் தார் பூசியிருந்தார்கள். டிக்கி ரப்பரைப் பிரித்தால் இடப்பக்க மஞ்சளும் வலப்பக்க மஞ்சளும் வேறு வேறாக இருந்தன. "இது கை படாத வண்டி இல்லீங்க, கை நல்லாவே பட்ட வண்டி" என்றார் மெக்கானிக். டயர்கள் புதிது என்று எழுதியிருந்தார்கள். பக்கவாட்டில் இருந்த நான்கிலக்கம் 1412, அதாவது 2012ஆம் ஆண்டின் பதினான்காம் வாரத்தில் செய்தவை. இது படத்திலேயே தெரிந்தது, நான்தான் பார்க்கவில்லை. அந்தப் பழியை ஏலத்தார் மீது போட மாட்டேன்.

புகார் எழுதினேன். ஒன்பது நாள் கழித்து வந்த பதிலில், விவரங்கள் அனைத்தும் விற்பவர் சொன்னவை என்றும், வண்டி உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது என்றும், ஏலம் கேட்பதற்கு முன் நேரில் பார்க்க வாய்ப்பு தரப்பட்டிருந்தது என்றும் மூன்று காரணங்கள் இருந்தன. மூன்றும் விதிப்படி சரியானவையே. ஆனால் விற்க வந்த என்னிடம் அத்தனை கறாராக நடந்துகொண்டவர்கள், டிக்கிப் படம் இல்லாமல் இன்னொருவரின் வண்டியை எப்படி அனுமதித்தார்கள் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. அடுத்த ஏலத்தில் பாதிக் கட்டணம் கழித்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை மட்டும் கொடுத்தார்கள்.

வெளிமாநில வண்டி வாங்குபவர்கள் ஏலத் தொகைக்கு மேல் ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது. கர்நாடகத்தில் படிவம் 28இல் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும்; இங்கே படிவம் 29, 30 கொடுத்துத் தமிழ்நாட்டு வரியைக் கட்டி, புது எண் வாங்க வேண்டும். 20 ஆண்டு தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. பழைய ரப்பர் பெட்ரோல் டியூப் இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்காது என்பதால் அதை முதல் வேலையாக மாற்றினேன். கழற்றிய டியூப்பை ஒரு பாலித்தீன் பையில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரிஜினல் பித்து அவ்வளவு எளிதில் போவதில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, வண்டி ஓடுவதைப் பற்றிக் குறை சொல்ல மனமில்லை. ஒரு விடியற்காலையில் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஸ்டியரிங் கனத்தது, தோள் வலித்தது. ஆனால் இரண்டாம் கியரில் இசுசு எஞ்சின் முனகாமல் இழுத்தது, வெப்பமானியின் முள் பாதியைத் தாண்டவில்லை. மேலே ஏரிக்கரையில் பனிமூட்டம் கண்ணாடி ரப்பர் வழியாக உள்ளே கசிந்து டாஷ்போர்டை நனைத்தது.

பாதிக் கட்டணச் சலுகை டிசம்பரோடு காலாவதியாகிறது. ஈரோட்டில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று ஏலத்துக்கு வந்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை மெக்கானிக்கின் காந்தக்கட்டியை இரவல் வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன்.