குட்டைமுடி நாய்க்கு காம்போ பிரஷ் வாங்கி ஏமாந்தேன்

எங்கள் வீட்டு ராசு சிப்பிப்பாறை ஜாதி வேட்டை நாய். மூன்று வயது, செவலை நிறம். முடி அரை அங்குலம்கூட இருக்காது. ஆனால் கொட்டுகிற முடி ஊசி மாதிரி வேட்டியில் குத்தி நிற்கும், துவைத்தாலும் போகாது. அதற்கு ஒரு வழி பண்ணலாம் என்றுதான் போன மாதம் மதுரையில் ஒரு பெரிய பெட் ஷாப்புக்குப் போனேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.

"குட்டைமுடி நாய்க்கு ஒரு பிரஷ் வேணும்" என்றேன். என்ன ஜாதி, என்ன வயசு என்று கவுன்ட்டரில் இருந்த பையன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே ஒரு காம்போ பெட்டியை எடுத்து வைத்தான். 1,650 ரூபாய். உள்ளே கொட்டுகிற முடியை இழுத்தெடுக்க இரும்புப் பல் வைத்த டீஷெட்டிங் பிளேடு, வளைந்த கம்பி நெருக்கமாக நிற்கும் ஸ்லிக்கர் பிரஷ், கம்பி நுனியில் பிளாஸ்டிக் மணி ஒட்டிய பின் பிரஷ். "ஒரே வாரத்துல முடி கொட்டுறது நின்னுரும்ணே, எல்லா நாய்க்கும் இதான் கொடுக்குறோம்" என்றான். நானும் தலையாட்டினேன்.

அன்று சாயங்காலமே பிளேடை எடுத்து முதுகில் இழுத்தேன். முடி அள்ளி அள்ளி வந்தது. ஆகா, கொடுத்த காசு வீண் போகவில்லை என்று எனக்கு ஒரே சந்தோஷம். மூன்று நாள் தொடர்ந்து வாரினேன். மூன்றாம் நாள் பெட்டியைக் கையில் எடுத்ததுமே ராசு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். மறுநாள் வெயிலில் பார்த்தால், விலா எலும்பு துருத்தும் இடத்திலும் முதுகுத்தண்டு மேலும் சீப்பால் கோடு போட்டது போல வரிவரியாகச் சிவந்திருந்தது. இரண்டு இடத்தில் நீர் கசிந்தது. பின் பிரஷைத் திருப்பிப் பார்த்தேன். ஏழெட்டு மணிகள் உதிர்ந்து மொட்டைக் கம்பி நின்றது.

கால்நடை டாக்டர் அந்த பிளேடைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இல்லாத அடிமுடிய எடுக்கப் போயி தோலை எடுத்திருக்கீங்க சார்" என்றார். பிறகுதான் விஷயம் புரிந்தது. குட்டைமுடி நாய் எல்லாம் ஒன்றில்லை. லேப்ரடாருக்கும் முடி குட்டைதான், ஆனால் மேல்முடிக்குக் கீழே பஞ்சு மாதிரி அடிமுடி உண்டு. இந்த பிளேடு அதை இழுத்தெடுக்கத்தான். சிப்பிப்பாறை, கன்னி, டாபர்மேன் மாதிரி நாய்களுக்கு ஒற்றை அடுக்கு முடி. பல் நேராகத் தோலில் போய் உட்காரும். நான் சந்தோஷப்பட்ட முடியில் பாதி, உதிர வேண்டிய முடியே இல்லை, அறுபட்டு வந்தது. அதிலும் வேட்டை நாய்க்குத் தோல் மெல்லிசு, அடியில் கொழுப்பும் கம்மி. புண்ணைக் கழுவ குளோர்ஹெக்சிடின், களிம்பு, நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு என்று பத்து நாள் அவனும் பட்டான், நாங்களும் பட்டோம்.

இதுவரைக்கும் என் அறியாமை என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் திருப்பிக் கொடுக்கலாம் என்று பெட்டியை எடுத்தபோது விலை ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியிருந்தது. உரித்தேன். கீழே ஆங்கிலத்தில், நீள முடி நாய்களுக்கு மட்டும் என்று அச்சடித்திருந்தது! அந்த வரி மேலேயே ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள். இறக்குமதியாளர் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை.

கடைக்காரர் பில்லைக் காட்டினார். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சீல். அந்த சீலைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பில்லில் வேறு கெடு எதுவும் போடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்க மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போட்டுப் புகார் பதிந்தேன். பில், பெட்டி, உரித்த ஸ்டிக்கர், ராசுவின் முதுகு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

புண் ஆறிய பிறகு டாக்டர் சொன்னபடி, மழுங்கிய முளைகள் உள்ள ரப்பர் பிரஷ் 180 ரூபாய்க்கு வாங்கினேன். வாரம் ஒருநாள், வட்டவட்டமாக லேசாகத் தேய்த்தால் செத்த முடி உருண்டு மேலே வருகிறது. அதை மென்மையான முள்ளுள்ள பிரஷால் முடி போகும் திசையில் தள்ளிவிட்டால் போதும். முகத்துக்கும் காலுக்கும் ஈரத்துணிதான். முடி கொட்டுவது நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. எந்த பிரஷ் போட்டாலும் அது முழுசாக நிற்காதாம். எதை வாங்கினாலும் கடையிலேயே உங்கள் முழங்கையின் உள்பக்கத்தில் நாலு தடவை இழுத்துப் பாருங்கள். சுரீரென்றால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். ஸ்டிக்கர் இருந்தால் அதையும் உரித்துப் பாருங்கள்.

நேற்று கடையிலிருந்து போன். அதே தொகைக்கு நாய்த் தீனி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பணம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.