போலீஸும் ஊரும் ஒரே மேடையில்: எந்த நாடகம் நிலைக்கும்?

ஸ்டேஷனுக்கும் மக்களுக்கும் நடுவே நம்பிக்கை வளர்க்க நாடகம் போடுவது என்று எங்கள் குழு இறங்கியபோது மூன்று வழிகள் இருந்தன. நாங்கள் எடுத்தது பிரேசில்காரர் அகஸ்டோ போவாலின் ஃபோரம் தியேட்டர். இப்போதும் என் ஓட்டு அதற்குத்தான்.

விழிப்புணர்வு வீதி நாடகம் எல்லோருக்கும் தெரிந்ததே. பறையடித்துக் கூட்டம் சேர்த்து, ஹெல்மெட், போதை, சைபர் மோசடிக்கு 1930 என்ற உதவி எண் என்று சொல்லிவிட்டு வரலாம். தகவல் போய்ச் சேரும். ஸ்டேஷன் மேல் இருக்கிற பயம் அப்படியே இருக்கும்.

அடுத்தது, நியூயார்க் புரூக்ளினில் ஐரன்டேல் என்ற நாடகக் குழு செய்வது. 2014-ல் எரிக் கார்னர் போலீஸ் பிடியில் இறந்ததை அடுத்து உருவானது. போலீஸ்காரர்களும் பொதுமக்களும் வாரக்கணக்கில் சேர்ந்து சாப்பிட்டு, நடிப்புப் பயிற்சி செய்து, கடைசியில் மேடையேறுகிறார்கள். ஆழத்தில் இதை மிஞ்ச முடியாது. ஆனால் திருவிழா, தேர்தல், தலைவர் வருகை என்று பந்தோபஸ்துக்கு ஓடும் நம்மூர்க் காவலர்களை வாராவாரம் யார் விடுவிப்பது?

ஃபோரம் தியேட்டரில் பிரச்சினை தீராமலே காட்சி முடியும். மறுபடி நடிக்கும்போது பார்வையாளர் யாரும் "நிறுத்துங்க" என்று சொல்லி மேடையேறி, பாதிக்கப்பட்டவரின் இடத்தில் நின்று நடித்துப் பார்க்கலாம். நடுவில் நின்று நடத்துகிற ஜோக்கருக்கு நம் கூத்தின் கட்டியங்காரன் போல இரு பக்கமும் பேசத் தெரிய வேண்டும். எங்கள் காட்சியில் ஒரு பெண் புகாரோடு வருவார்; "நாளைக்கு வாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். கூட்டத்திலிருந்து ஏறிய ஓர் அக்கா, "சி.எஸ்.ஆர். ரசீது குடுங்க சார், போறேன்" என்று, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு அசையாமல் நின்றார். அப்புறம் நிஜ ஏட்டையா ஒருவரைப் புகார்தாரராக நிற்க வைத்தோம். யாரும் உட்காரச் சொல்லவில்லை. பேப்பரைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தவர், "நாற்காலிகூடப் போடல" என்றார். போவாலின் முறைப்படி பாதிக்கப்பட்டவர் இடத்துக்கு அதிகாரத்தில் இருப்பவரை அழைப்பதில்லை. தெரிந்தேதான் அழைத்தோம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது டிரான்ஸ்பர். நல்ல எஸ்.ஐ. ஒருவரால் வந்த நம்பிக்கை அவர் மாறினதும் போய்விடும். 1993-ல் ராமநாதபுரத்தில் போலீஸ் அதிகாரி பிரதீப் பிலிப் தொடங்கிய, பொதுமக்கள் போலீஸுக்கு உதவும் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் அமைப்பை, 2020-ல் சாத்தான்குளம் காவல் மரணங்களுக்குப் பிறகு அரசு தடை செய்தது. துறை நடத்துகிற எதுவும் துறையின் ஓர் உத்தரவில் நின்றுபோகும். ஃபோரம் குழுவோ ஊர்க்காரர்களுடையது. புது எஸ்.ஐ. வந்தால் அதே காட்சியை அவர் முன்னால் போடலாம்; செலவு, ஒத்திகை நேரமும் டீயும்தான். ஊரில் இரண்டு பேராவது ஜோக்கர் வேலை பழக வேண்டும். இதில் சோம்பினால் ஒரே வருஷத்தில் குழு கலைந்துவிடும்.

காவல் மரணம் நடந்த ஊரில் நான் இதைச் செய்ததில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது அந்தக் குடும்பத்தின் முன்னால் போலீஸை மேடையேற்ற எனக்குத் துணிவும் இல்லை. சாதி மோதல் உள்ள இடத்திலும் எப்படிப் போகும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. புகார் மனு, வாகனச் சோதனை, இரவு ரோந்து போன்ற அன்றாட உரசல்களுக்கு மட்டும் தயங்காமல் ஃபோரம் என்பேன்.