கிங்ஸ்டன் ஃப்யூரி பீஸ்ட் டிடிஆர்4: மேசைக் கணினிக்குக் கூடுதல் ரேம்

கணினி மந்தமாகிவிட்டது என்று புதியது வாங்கப் புறப்படும் முன், டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துவிடுவது நல்லது. என் மேசைக் கணினியில் ஒற்றை 8 ஜிபி ரேம்தான் இருந்தது. பிரவுசரில் பல டேப்களும் படத்தொகுப்பு மென்பொருளும் ஒருசேரத் திறந்திருந்தால், ரேமில் இடம் போதாமல் விண்டோஸ் தரவுகளை எஸ்எஸ்டி சேமிப்பகத்தில் ரேமுக்கு மாற்றிடமாக ஒதுக்கியிருக்கும் பேஜ் ஃபைல் என்ற கோப்புக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானதானாலும் ரேமுக்கு ஈடாகாது. ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதெல்லாம் திரை உறைந்து நின்றதற்கு அதுவே காரணம். இதற்குத் தீர்வாக, கிங்ஸ்டன் ஃப்யூரி பீஸ்ட் டிடிஆர்4 3200 (டிடிஆர்4 என்பது ரேமின் வகை, 3200 என்பது அதன் வேகம்) வரிசையில் இரண்டு 8 ஜிபி ரேம்கள் கொண்ட தொகுப்பை வாங்கிப் பொருத்தினேன்.

ஒரே 16 ஜிபி ரேமை வாங்காமல் இரண்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. சாதாரண டிடிஆர்4 மதர்போர்டுகள் இரண்டு சேனல்களில், அதாவது ரேமுக்கும் பிராசசருக்கும் இடையே தரவு செல்லும் இரு பாதைகளில், இயங்குபவை. 3200 வேகத்தில் ஒரு சேனல் விநாடிக்கு அதிகபட்சம் 25.6 ஜிபி தரவைக் கடத்தும், இரண்டும் சேர்ந்தால் 51.2 ஜிபி. ஒற்றை ரேம் போட்டால் அதில் பாதி வீணாகிறது. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிகளில் இந்த வேறுபாடு கண்கூடாகத் தெரியும், ஏனெனில் பிராசசருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் பகுதி இதே ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது.

பொருத்துவது எளிது. வெப்பத் தகட்டின் உயரம் ஏறத்தாழ 34 மில்லிமீட்டர்தான் என்பதால் பெரிய கூலர் இருக்கும் கணினியிலும் இடிக்க வாய்ப்பு குறைவு. நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டானால், பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். கையேட்டில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். பல மதர்போர்டுகளில் ஸ்லாட்டின் ஒரு முனையில் மட்டுமே கிளிப் இருக்கும். அந்த முனை 'டக்' என்று பூட்டிக்கொண்டாலும், கிளிப் இல்லாத மறுமுனை அரைகுறையாக நிற்கக்கூடும் என்பதால் இரு முனைகளையும் சமமாக அழுத்தி, ரேமின் அடியில் உள்ள தங்க நிறத் தொடுபட்டைகள் வெளியே தெரியவில்லை என்று உறுதிசெய்துகொள்வது அவசியம்.

இத்துடன் வேலை முடிந்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. இந்த ரேம் இயல்பு நிலையில் 1.2 வோல்ட்டில் 2400 வேகத்தில்தான் இயங்கும். பயாஸுக்குள் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சென்று, ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்கினால்தான் 1.35 வோல்ட்டில் பெட்டியில் போட்டிருக்கும் 3200 கிடைக்கும். மெமரி கிட் விற்கும் எல்லா நிறுவனங்களின் ரேமுக்கும் ஏறக்குறைய இதுவே வழக்கம் என்றாலும், பலர் இதை அறியாமலேயே ஆண்டுக்கணக்கில் குறைந்த வேகத்தில் பயன்படுத்துவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. மதர்போர்டின் வரம்பையும் பார்க்க வேண்டும்: இன்டெலின் எச்410 சிப்செட் (மதர்போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) கொண்ட மதர்போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 பிராசசர் இருந்தால் 2666-ஐத் தாண்ட முடியாது, அங்கே 3200-க்காகக் கூடுதல் பணம் செலவழிப்பதில் பயனில்லை. மாற்றிய பிறகு, ரேமில் பிழை உள்ளதா என்று பார்க்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைக் கொண்டு ஒரு முழுச் சோதனை நடத்திவிடுவது பாதுகாப்பானது; என் தொகுப்பு பிழையின்றித் தேறியது.

இப்போது அதே டேப்களையும் அதே மென்பொருளையும் திறந்து வைத்தும் நினைவகத்தில் தாராளமாக இடம் மிஞ்சுகிறது, சாளரங்கள் உடனுக்குடன் மாறுகின்றன. கணினி தொடங்கும் நேரம் மட்டும் குறையவில்லை. அது ரேமின் வேலையும் அன்று. ஏற்கெனவே பாதி ரேம் காலியாகக் கிடக்கும் கணினிக்கு இதை வாங்க நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய 8 ஜிபியையும் கூடவே வைத்துக்கொள்ளலாமா என்றால், வைக்கலாம். ஆனால் எல்லா ரேம்களும் அவற்றுள் மெதுவானதன் வேகத்துக்கே இறங்கிவிடும், எக்ஸ்எம்பி நிலையாக இயங்கும் என்ற உறுதியும் இல்லை. ஆகவே நான் அதைக் கழற்றிவிட்டேன்.