போனா, வாய்ஸ் நோட்டா, எழுத்தா, மெயிலா?

போனில் ‘அம்பது’ என்று சொன்னது எதிர்முனையில் ‘ஒம்பது’ என்று விழும். தையல் மிஷின் ஓடும் கூடத்தில் நின்று பேசினால் ‘எரநூறு’, ‘அறநூறு’ இரண்டும் ஒன்றுபோலவே கேட்கும். பேச்சுத்தமிழில் இந்த எண்களைப் பிரித்துக் காட்டுவது முதல் ஒலி மட்டும்தான். அது இரைச்சலில் அமுங்கிவிட்டால் மிச்சம் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு நிறத்தில் 200 பீஸ் வெட்ட வேண்டிய இடத்தில் 600 வெட்டிய துணியைத் திரும்ப ஒட்ட முடியாது.

இந்த நான்கில் எது வேகம் என்று பார்த்துத்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறோம். சொன்னதை நாளைக்கு யார் தேடிப் பார்க்கப் போகிறார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

போனுக்கு நிகர் இல்லாத இடங்கள் உண்டு: பேரம், தகராறு, கெட்ட செய்தி, பதிலைப் பொறுத்து அடுத்த கேள்வி மாறும் விஷயம். ஒரே சங்கதிக்கு மூன்று முறை மெசேஜ் போய் வந்தும் தெளியவில்லை என்றால், நான்காவதைத் தட்டாமல் கூப்பிட்டுவிடுங்கள். போனின் பலவீனம், பேசியது காற்றோடு போவது. அதைவிடப் பெரிய பலவீனம் ‘சரி’ என்ற சொல். காதில் விழுந்தது, புரிந்தது, செய்கிறேன் என்று மூன்று அர்த்தத்திலும் நாம் ‘சரி’ சொல்கிறோம். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் இறந்தார்கள். அந்த விபத்துக்குப் பல காரணங்கள் சேர்ந்தன. ‘புறப்படுகிறோம்’ என்ற பொருளில் விமானி சொன்னதற்குக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வந்த ‘ஓகே’வும் அவற்றில் ஒன்று. ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று அதற்குப் பின்னால் சொன்னது, வானொலி அலைகள் குறுக்கிட்டதில் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. இன்று ஓடுபாதை உத்தரவுகளுக்கு ‘ஓகே’ செல்லாது. கேட்டவர் அந்த உத்தரவையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

அலுவலகத்துக்கும் இதே முறை பொருந்தும். திருப்பிச் சொல்ல வேண்டியவர் வேலையைச் செய்யப் போகிறவர். சொன்னவரே இரண்டு தடவை சொல்வதால் பயன் இல்லை. ‘எழுதினதை ஒரு தடவை படிங்க’ என்று கேட்டால் போதும், யாருக்கும் மனம் நோகாது. எண்ணைப் பிரித்துச் சொல்லுங்கள்: ‘அம்பது, அஞ்சு சைபர்.’

வாய்ஸ் நோட் அனுப்புகிறவருக்குச் சுகம், வாங்குகிறவருக்கு வேலை. இரண்டு நிமிடப் பேச்சின் நடுவில் இருக்கும் ஒரு எண்ணுக்காக முழுவதையும் மறுபடி ஓட்ட வேண்டும், இரண்டு மடங்கு வேகத்தில் வைத்தாலும். மீட்டிங்கில் இருப்பவரால் கேட்கவே முடியாது. ஆனாலும் அதை ஒதுக்க முடியாது. தட்டச்சு கைவராத பெரியவர்கள், வண்டி ஓட்டும் டிரைவர், துக்கம் விசாரிப்பது, காலரை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று விளக்குவது எல்லாவற்றுக்கும் குரல்தான் சரி. 40 விநாடிக்குள், ஒரு நோட்டில் ஒரே விஷயம் பேசி, எண், தேதி, முகவரி மூன்றையும் கீழே ஒரு வரியாகத் தட்டிவிட்டால் குறை பாதி தீரும்.

எழுத்து மெசேஜைத் தேடி எடுக்கலாம், ஒரு பார்வையில் படிக்கலாம். அன்றாட வேலையில் முக்கால்வாசிக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான். ஆனால் குரலில் இருக்கும் மரியாதை எழுத்தில் தானாக வராது. ‘லிஸ்ட் இன்னும் வரலை’ என்பது நேரில் நினைவூட்டல், திரையில் குற்றச்சாட்டு. ‘லிஸ்ட் அனுப்பிட்டீங்களா?’ என்றால் அந்த உறுத்தல் இல்லை. ‘வணக்கம் சார்’ என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல், விஷயத்தையும் அதே மெசேஜில் சேருங்கள். குரூப்பில் பொதுவாகக் கேட்டால் வேறு யாரோ பதில் சொல்வார் என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். பெயரை டேக் செய்யுங்கள். நீல டிக் என்றால் திறந்தார் என்றுதான் பொருள், ஒப்புக்கொண்டார் என்று அல்ல. வாட்ஸ்அப்பில் 15 நிமிடம் வரை மெசேஜைத் திருத்தலாம் என்றாலும் எண்ணை அப்படித் திருத்தாதீர்கள். பழைய எண்ணைப் பார்த்தவர் மறுபடி வந்து பார்க்க மாட்டார். ‘மாற்றம்: 200 அல்ல, 240’ என்று புதிதாக அனுப்புங்கள். லேபிள் டிசைனைப் போட்டோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்ட்டாக அனுப்ப வேண்டும். தேதியை 05/06 என்று போட்டால் ஆர்டர் கொடுக்கும் அமெரிக்க பையர் மே 6 என்று படிப்பார். ‘ஜூன் 5’ என்று மாதப் பெயரோடு எழுதுங்கள். ‘அடுத்த வெள்ளி’யும் அப்படித்தான், ஆளுக்கு ஒரு வெள்ளி.

மெயிலை விலை, ஆர்டர், விடுப்பு, ராஜினாமா ஆகியவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு வரியிலேயே வேண்டியதையும் கெடுவையும் சொல்லுங்கள்: ‘சைஸ் சார்ட் ஒப்புதல், ஜூன் 5 மாலைக்குள்’. ‘டு’ வரிசையில் வேலை செய்ய வேண்டியவர், ‘சிசி’யில் தெரிந்துகொள்ள வேண்டியவர். முதல் மெயிலிலேயே மேலாளரை ‘சிசி’யில் போட்டால் புகார் போலத் தெரியும். ஃபைலை முதலில் இணைத்து, முகவரியைக் கடைசியில் நிரப்பினால் அரைகுறை மெயில் போகாது. ஜிமெயிலில் அனுப்பியதை நிறுத்தும் அவகாசத்தை 30 விநாடியாக்கிக்கொள்ளலாம்.

வீட்டு விசேஷத்துக்கும் இதே கணக்குதான். சமையல்காரரிடம் விலையைப் போனில் பேசுங்கள்; பேசி முடித்ததும் இப்படி ஒரு மெசேஜ்: ‘அண்ணே, ஜூன் 14 ஞாயிறு. காலை டிபன் 250 இலை, மதியம் 400 இலை. பால் பாயசம் வேண்டாம், பருப்புப் பாயசம். அட்வான்ஸ் 20,000 கொடுத்தாச்சு. இலைக் கணக்கை மட்டும் திருப்பி அனுப்புங்க.’ அவர் கட்டைவிரல் படம் போட்டால், ஒரு முறை கூப்பிட்டு எண்ணைச் சொல்லச் சொல்லுங்கள்.