ரெடிமேட் போன்சாயா, பின்வரிசை கவர் செடியா?

தொட்டில மரத்தைக் குட்டியா வளர்க்கற போன்சாய் மேல ஆசை வந்ததும் எல்லாரும் பண்றதைத்தான் நானும் பண்ணேன், ஈசிஆர் பக்கம் ஒரு நர்சரிக்குப் போய் பீங்கான் தொட்டில வச்ச ஜின்செங் பைகஸ் ஒன்னை 1,400 ரூபாய்க்குத் தூக்கிட்டு வந்தேன். அப்படியே பின்னாடி வாட்டர் டேங்க் ஓரமா கிடந்த கருப்பு பிளாஸ்டிக் கவர்ல வச்ச ஒரு பைகஸையும் 150 ரூபாய்க்கு வாங்கினேன். நாலு வருஷம் ஆச்சு, இப்ப மாடில இருக்கறது அந்த 150 ரூபாய் செடிதான். இத்தனைக்கும் ரெண்டும் ஒரே ஜாதி, ஆலமர இனத்துல வர்ற நம்ம கல் இச்சி.

ரெடிமேட் பார்க்க அழகு, கிஃப்ட் குடுக்கலாம், அவ்ளோதான். என்னோடதுல மேல கூழாங்கல்லைப் பசை போட்டு ஒட்டியிருந்தாங்க, தண்ணி ஊத்தினா ஓரமாவே வழிஞ்சு ஓடிடும், நானும் நல்லா குடிச்சிருச்சுன்னு நினைச்சுட்டு இருந்தேன், உள்ள வேர் காஞ்சு அஞ்சே மாசத்துல போச்சு. ஜின்செங்கோட அந்தக் கிழங்கு மாதிரி அடி உண்மையில வீங்கின வேர், மேல இருக்கற பொடி இலை பல செடில ஒட்டு போட்டது. ஒட்டுக்குக் கீழ பெருசா இலை விட்டு துளிர் வந்தா உடனே கிள்ளிடணும்.

கவர் செடிக்கு வருவோம். நர்சரில நாம பார்க்கறது கிளையை, பார்க்க வேண்டியது அடியை. கல் இச்சியை மொட்டைக் கட்டையா வெட்டினாலும் துளிர்க்கும், அதனால கிளை கோணலா இருக்கறது ஒரு விஷயமே இல்ல. ஆனா சின்னத் தொட்டிக்கு மாத்தினப்புறம் தண்டு லேசுல பருக்காது, அதனால தடிமனைக் கடையிலேயே வாங்கிடணும், அதுவும் மண்ணுக்குள்ள இருக்கற தடிமனை. சின்ன கவர்லேர்ந்து பெரிய கவருக்கு மாத்தும்போது ஆழமா புதைச்சிடறாங்க, அதனால வேர் பிரியற இடம் வெளிய தெரியாது. விரலை விட்டு ரெண்டு இஞ்ச் நோண்டிப் பாருங்க. என்னோடது மேல கட்டைவிரல் தடிமன்தான், உள்ள மூணு விரல் அகலத்துல விரிஞ்சு நாலு பக்கமும் வேர் ஓடியிருந்துச்சு. பக்கத்துல இருந்த செடி மேல நல்லா குண்டு, நோண்டினா கம்பம் நட்ட மாதிரி நேரா இறங்குது, ஒரே பக்கம்தான் வேர். அதை அப்படியே வச்சுட்டேன். ஒரு வேர் தண்டைச் சுத்தி இறுக்கியிருந்தா அதை வெட்டிடலாம், எல்லாமே சுருண்டிருந்தா வேணாம்.

ஆந்திராவுல நர்சரிக்குப் பேர்போன கடியத்துலேர்ந்து வர்ற செடிங்க நிறைய களிமண் உருண்டையோட வரும், செங்கல் மாதிரி இறுகிடும். நான் ஜூலைல ஊறவச்சு ஒரு பக்கம் மட்டும் கரைச்சேன், மறுபக்கம் அடுத்த வருஷம். இலை ரெண்டா மடிஞ்சு உள்ள கருப்பா பூச்சி ஊர்ந்தா பயந்துடாதீங்க, அந்த இலையைக் கிள்ளிப் போட்டா போதும், அதைக் காட்டி விலையும் குறைக்கலாம்.

ஒன்னு கவனிங்க, பெஞ்சமினாங்கற வேற ஜாதியையும் பைகஸ்னுதான் விப்பாங்க, இலை நுனி கூரா தொங்கும். அதோட கிளையில ஒரு இலைகூட விடாம வெட்டினா அந்தக் கிளை பெரும்பாலும் காஞ்சிடும்.

பைகஸ் இல்லாம மத்த செடிங்கன்னு பார்த்தா, அடீனியம், அதாவது பாலைவன ரோஜா, அடி குண்டா இருக்கும், ஆனா மரம் மாதிரி கிளை அமையாது, ஐப்பசி மழைல நனைய விட்டா அழுகும். தடிச்ச இலை இருக்கற ஜேட் செடி ரொம்ப ஈஸி, தண்ணி மறந்தாலும் கோச்சுக்காது. காகிதப்பூ என்கிட்ட ஒன்னே ஒன்னு, அதுவும் ஒரு வருஷமா, அதை வச்சு தீர்ப்பு சொல்லக்கூடாது, ஆனா தொட்டாலே ஒடியற வேர், கவரைக் கிழிக்கும்போது மண்ணை உதற வேணாம்.

முதல்ல "என்ன சார் மண்ணை நோண்டறீங்க"ன்னு எரிஞ்சு விழுந்த நர்சரிக்காரர் இப்ப என்னைப் பார்த்ததும், "பார்த்துட்டு திரும்ப மூடி வச்சிடுங்க சார்"ங்கறார்.