பாம்பன் காற்றில் 36 இன்ச் மடக்குக் கூண்டு

தெருவிலிருந்து தூக்கி வந்ததோ, சங்கிலியில் கட்டியே போட்டிருந்த வீட்டிலிருந்து மீட்டதோ, எந்த நாய்க்கும் முதல் பத்துப் பதினைந்து நாள் தனி இடம் வேண்டும். சொறி வீட்டு நாய்க்கு ஒட்டக்கூடாது. என்ன தின்றது, எப்படிக் கழிந்தது என்று கண்ணில் பட வேண்டும். இதற்காகப் பலரும் வாங்குவது ஐந்தாயிரத்தை ஒட்டிய விலையில் ஆன்லைனில் வரும் கறுப்புக் கம்பிக் கூண்டு. பெயர்கள் பல, செய்முறை ஏறக்குறைய ஒன்று: பவுடர் கோட்டிங் அடித்த இரும்புக் கம்பி, இரண்டு கதவு, அடியில் பிளாஸ்டிக் தட்டு.

கடலே இல்லாத ஊர்க்காரர்களின் மதிப்புரையை நம்பி இதை ராமநாதபுரம் கடற்கரையில் வாங்கினால் ஏமாற்றம்தான். கச்சான் காற்று தென்கடலிலிருந்து அடிக்கும், அது ஓய்ந்தால் வாடை வடகடலிலிருந்து அடிக்கும். உப்பு மட்டும் வருடம் முழுக்க உண்டு. 2025-இல் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்கே துருவுக்குப் பயந்து ஸ்டெயின்லெஸ் கம்பியும் தனிப் பெயின்டும் போட்டார்கள். ஐந்தாயிரம் ரூபாய்க் கூண்டு எம்மாத்திரம்?

துரு கம்பியின் நடுவில் தொடங்காது. மூன்று இடங்களைப் பாருங்கள்: கம்பியும் கம்பியும் ஒட்டிய வெல்டிங் புள்ளி, பக்கங்களைக் கோர்க்கும் வளையம், கதவுத் தாழ்ப்பாள். மடக்கும்போதும் விரிக்கும்போதும் வளையம் உரசிக் கோட்டிங் உரிகிறது. எதைச் சொல்லி இதை விற்கிறார்களோ அந்த மடக்குதான் இதன் பலவீனம். ஆகவே ஒரு முறை விரித்தால் நாய் போகும்வரை மடக்காதீர்கள். பெட்டியைப் பிரித்த அன்றே வளையங்களிலும் தாழ்ப்பாளிலும் வாசலின் மெல்லிசாகப் பூசி, வாரம் ஒரு முறை புதுப்பித்தால் நன்றாகத் தாங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், எறும்பு மொய்க்கும். மெஷின் ஆயிலை நாய் நக்கும்.

உரிந்த இடத்துக்குப் பெயின்ட் அடிப்பதானால் 120 எமரி தாளில் தேய்த்து, எபாக்சி பிரைமர் வெளிப்பக்கம் மட்டும் அடித்து, ஒரு வாரம் முழுக்கக் காயவிட்ட பிறகே நாயை விடலாம். கால்வனைஸ் கூண்டு துருவுக்கு மேல்தான். ஆனால் பதற்றத்தில் கம்பி கடிக்கும் நாய்க்கு அது ஆகாது. உரிந்த துத்தநாகம் வயிற்றில் சேர்ந்தால் ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்.

அளவு: 15 முதல் 20 கிலோ நாட்டு நாய்க்கு 36 இன்ச் நீளம் போதும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் கலப்பு என்றால் 42. நிற்கும்போது தலை குனியக்கூடாது, சுற்றித் திரும்ப இடம் வேண்டும். எலும்பும் தோலுமாக இருக்கும் நாளில் அளந்து வாங்காதீர்கள், தேறிய பிறகு அகலம் கூடும்.

தட்டுதான் படுமோசம். பிறாண்டும் நாய் அதை ஒரே இரவில் வெளியே இழுத்துவிடும், பாதம் கம்பியில் சிக்கும். இரண்டு முனைகளிலும் துளையிட்டு, வயர் கட்டும் பிளாஸ்டிக் டேக் போட்டுக் கட்டுங்கள், முடிச்சு வெளிப்பக்கம் இருக்கட்டும். கீழே நான்கு செங்கல் கொடுத்தால் மூத்திரம் தேங்காமல் காற்று ஓடும். தட்டு கறுப்பு என்பது இன்னொரு குறை. உண்ணிக் காய்ச்சல் கண்ட நாய் கறுப்பாகக் கழிந்தால் தெரியவே தெரியாது. வெள்ளை வேட்டித் துணி விரியுங்கள். சாக்கு வேண்டாம், சொறியில் புண்ணான தோலில் நார் ஒட்டிக்கொள்ளும். தட்டின் மடிப்பு விளிம்பைத் தினமும் நகத்தால் கீறிப் பாருங்கள். ரத்தம் குடித்து உப்பிய உண்ணி நாயைவிட்டு இறங்கி முட்டையிட இப்படிப்பட்ட இடுக்கைத்தான் தேடும். ஒன்றே ஆயிரக்கணக்கில் இடும்.

கழுவுவதில்தான் பெரும்பாலோர் கூண்டைக் கெடுக்கிறார்கள். பார்வோ என்ற வைரஸ் கழிச்சல் வந்த குட்டி இருந்த கூண்டைப் பினாயில் காப்பாற்றாது, அந்த வைரஸுக்குக் குளோரின்தான் சரி. முதலில் சோப்புப் போட்டு மலம் துளியும் இல்லாமல் தேய்க்க வேண்டும், அழுக்கு இருந்தால் குளோரின் அதிலேயே தீர்ந்துபோகும். பிறகு புதிதாகப் பிரித்த பிளீச்சிங் பவுடர் 5 கிராம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு; பத்து நிமிடம் ஈரமாகவே நிற்கட்டும். திறந்து கிடந்த பொட்டலம் இந்த ஈரக்காற்றில் வீரியம் இழந்திருக்கும். அதே குளோரின் இரும்பையும் தின்னும் என்பதால் கடைசி அலசல் கட்டாயம். அந்த அலசலை உப்புக் கிணற்றுத் தண்ணீரில் செய்தால் பாடுபட்டதெல்லாம் வீண். காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீர் ஒரு குடம் போனாலும் பரவாயில்லை. அலசி, துணியால் துடைத்து, வெயிலில் காய வையுங்கள்.

தாழ்ப்பாள் லேசான கம்பி. முட்டும் நாய் மூலையை வளைத்துத் தலையை நுழைக்கும், கழுத்து மாட்டும். கதவுக்கு மேலும் கீழும் ஸ்பிரிங் கொக்கி ஒவ்வொன்று போடுங்கள். உள்ளே விடுமுன் காலரைக் கழற்றிவிடுங்கள், இதில் விதிவிலக்கே இல்லை. நிழலுக்குப் பழைய மீன்வலையைப் போர்த்துவது இந்தப் பக்கத்துப் பழக்கம். நகமும் பல்லும் அதில் மாட்டும். கிடுகு அல்லது பழைய சேலை நல்லது, மூன்று பக்கம் மட்டும் மூடுங்கள். தகரக் கூரையின் கீழ் சித்திரை மாதத்தில் கூண்டை வைப்பது நாயை அடுப்பில் வைப்பதுதான்.

சங்கிலியிலேயே வளர்ந்த நாய் தானாக உள்ளே போகாது. தள்ளாதீர்கள். கதவைத் திறந்து கட்டிவிட்டு, சோற்றுக் கிண்ணத்தை வாசலில் வையுங்கள். தயங்காமல் தின்னத் தொடங்கிய பிறகு ஒவ்வொரு சாணாக உள்ளே நகர்த்துங்கள். பட்டினி கிடந்த நாய்க்கு அந்தக் கிண்ணத்தை முதல் நாளே நிரப்புவதும் ஆபத்து. வெறும் சோறும் கஞ்சியும் திடீரென்று உள்ளே போனால் ரத்தத்தில் பாஸ்பரஸ் சரிந்து இதயம் தடுமாறும். தேவையில் கால் பங்கில் தொடங்கி, ஐந்தாறு வேளையாகப் பிரித்து, நாளுக்கு நாள் மெல்லக் கூட்டி முழு அளவுக்கு வரலாம். கருவாடு கூடவே கூடாது.

மூடிய கதவைக் கண்டதும் எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து ஈறு கிழியும் நாய்க்கு இந்தக் கூண்டு எந்த விலையிலும் வேண்டாம். காலி அறையோ, பின்னல் கம்பி அடித்த வேலியோ போதும். கழிச்சல் குட்டிக்கும் சிமென்ட் தரை குளியலறை இதைவிட மேல்.

வருடத்துக்கு ஒன்றிரண்டு நாய் பார்ப்பவர்கள், கடலிலிருந்து உள்ளே தள்ளிய வீட்டில் இருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒன்று போக ஒன்று வந்துகொண்டே இருந்தால் அந்தக் காசை வெல்டிங் பட்டறையில் முன்பணமாகக் கொடுத்து 304 கிரேடு ஸ்டெயின்லெஸ்ஸில் செய்யச் சொல்லுங்கள். விலை பல மடங்கு, மடக்கவும் முடியாது. காந்தம் ஒட்டவில்லை என்று காட்டினால் ஏமாறாதீர்கள்: 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, ஆனால் இந்தக் காற்றில் துருப்பிடிக்கும். எந்தக் கிரேடு என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.